சபாபதி கை தூக்கிய பொங்கல் நாள்

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: சபாபதி, பிரபு, ஹேமலதா, நசீர், என் மகள் வாசுகி, சக்கர நாற்காலியில் என் வீட்டுக்காரர் கோவிந்தசாமி, கையில் கரண்டியோடு நான். வேறு யாரும் இல்லை. நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன். அது பொங்கல் நாள். சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் வீடு.

அவர்களில் சபாபதி இப்போது இல்லை. செய்தியைச் சொன்னவள் ஹேமலதா. தேக்கா சந்தையில் மீன் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் அவள், "ஆன்ட்டி, எங்க இருக்கீங்க? உட்கார இடம் இருக்கா?" என்றாள். மீன் சந்தையின் ஈரத் தரையில் எங்கே உட்காருவது? "நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லு" என்றேன். "சபா அண்ணன் போயிட்டாரு ஆன்ட்டி." மீன்காரர் வெட்டிய வாவலைப் பையில் போட்டு நீட்டினார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை என்று சபாபதி ஆசைப்பட்டுக் கேட்ட மீன். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குழம்பும் வைத்தேன். யாரும் தொடவில்லை.

மாலைக்குள், இதைப் படிக்கப்போகிற உங்கள் கணினிக் குழுவில் இரங்கல்கள் குவிந்துவிட்டன. வாசுகி படித்துக் காட்டினாள். 'தமிழ்க் கணினித் துறைக்குப் பேரிழப்பு.' 'அவர் காட்டிய பாதையில் தொடர்ந்து நடப்போம்.' பாதையைப் பொங்கலன்று அடைத்த கைகளே அதையும் எழுதியிருந்தன. பிறகு ஹேமலதா வந்து, நினைவு மலருக்கு நானும் நல்லதாக நாலு வரி எழுத வேண்டும் என்றாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பார்த்ததை மறப்பவள் அல்ல. எழுதித் தருகிறேன், ஒரு வரியையும் மாற்றக்கூடாது என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன்.

சபாபதியின் அப்பாவும், அவரைவிட வெகு இளையவரான என் வீட்டுக்காரரும் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். அந்த உறவில்தான் சபாபதி இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். மின்தூக்கிக் கம்பெனி ஒன்றில் கணினி நிரல் எழுதும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் மாடியிலேயே, நடைபாதையின் அந்தக் கோடியில் வீடு. இவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, ஆஸ்பத்திரியில் ஒரு படப் பலகை கொடுத்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்ப் படத்தைத் தொட வேண்டும். துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்த மனிதர். பலகையைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சபாபதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சில மாதங்கள் கழித்து ஒரு பெட்டியோடு வந்தார்.

பெட்டியில் பெரிய பெரிய பொத்தான்கள். அழுத்தினால் தமிழில் பேசும். "யாரு குரல் வேணும்ணே? கேட்டு வாங்கித் தரேன்" என்று சபாபதி கேட்டார். இவர் விரலை நீட்டி அவரையே காட்டினார். அப்படித்தான் சபாபதி எங்கள் படுக்கையறை சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மைனாக்கள் கத்தாத நேரம் பார்த்து, தமிழில் இருக்கிற ஒலிகளையெல்லாம் பேசிப் பதிவு செய்தார். இவருக்கு வேண்டிய சொற்களைத் தனியாகப் பதிந்தார். தே வேணும் (இங்கே டீயைத் தே என்போம்). முதுகைச் சொறி. டிவி சத்தத்தைக் குறை. எல்லாம் சரளமாக வந்தது. என் பெயரில்தான் மாட்டிக்கொண்டார். இவர் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அதற்கும் ஒரு பொத்தான் வேண்டும்.

"அண்ணி பேரை நான் எப்படி வாயால சொல்றது?"

"நீயா கூப்பிடறே? உங்கண்ணன்தானே கூப்பிடறார். சொல்லு" என்றேன்.

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கண்ணை மூடிக்கொண்டு 'பாக்கியம்' என்றார். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் வேடிக்கைதான். சாப்பாட்டு மேசையில் சபாபதியும் உட்கார்ந்திருப்பார். இவர் பொத்தானை அழுத்துவார். 'காரம் அதிகம்' என்று சபாபதியின் குரல் வரும். "திங்கறதும் திங்கற, குறையும் சொல்றியா?" என்று நான் சபாபதியைத்தான் முறைப்பேன். "ஐயோ அண்ணி, நான் வாயே திறக்கல" என்பார் அவர். இவர் உடம்பு குலுங்கச் சிரிப்பார். பேச்சு போன பிறகு இவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பெட்டிக்குள் இருந்த பேச்சு நிரலை சபாபதி தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தார். இப்படி ஒருவர் எழுதி வைத்து, மற்றவர்கள் எடுத்துத் தங்கள் நிரலுக்குள் சேர்த்துக்கொள்வதைத்தான் லைப்ரரி என்கிறார்கள். நசீர் எடுத்தார். பார்வையில்லாத தன் தம்பிக்குப் பேருந்து எண்ணைச் சொல்லும்படி ஒன்று செய்து கொடுத்தார். பலதொழில் கல்லூரியில் பாடம் நடத்தும் ஹேமலதா, ஆங் மோ கியோவிலிருந்து வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். இவர் பொத்தானை அழுத்திப் பார்த்துச் சொன்னால்தான் எதுவும் சரி என்று அவர்களுக்குக் கணக்கு. நான் வடை சுடுவேன். காது என் காதுதானே, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் சுட்டேன்.

கடைசியாக வந்தவன் பிரபு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன். எந்தத் துறைமுகத்தில் இவர் மூட்டை தூக்கினாரோ, அதே தஞ்சோங் பகாரில் இன்று நிற்கிற கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் அவனுக்கு வேலை. திறமை இல்லாதவன் என்று சொல்லமாட்டேன். வந்த வேகத்தில் பாதி வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். ஆனால் அவனுக்கு ஒரு வியாதி இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். என் வடைகூட ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்பான். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சண்டை இதுதான். எழுதி வைத்த நிரல் அப்படியே ஓடாது. அதைச் சேர்த்துக் கட்டி, ஓடுகிற பொருளாக்கித் தர ஒரு கருவி வேண்டும். அதற்குப் பெயர் பில்ட் சிஸ்டம். அதில் பல வகை உண்டு. ஆளுக்கு ஒன்று பிடிக்கும். சபாபதி தன் லைப்ரரியை எதை வைத்தும் கட்டலாம், எதுவுமே இல்லாமலும் கட்டலாம் என்கிற மாதிரிதான் எழுதியிருந்தார். பிரபு தனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லி, இதை வைத்து மட்டும்தான் கட்ட வேண்டும் என்றான்.

"சார், ஆளாளுக்கு ஒரு மாதிரி கட்டறாங்க. ஒருத்தருக்கு ஓடுது, இன்னொருத்தருக்கு உடையுது. எது யார் தப்புன்னே தெரியல. ஒரே சிஸ்டம்னு வெச்சுட்டா எல்லாருக்கும் ஒரே ரிசல்ட். டெஸ்டும் தானா ஓடும்."

சபாபதி சிரித்துக்கொண்டே கேட்டார்: "பிரபு, நீ கதவுக்கு ஒரு கைப்பிடி வாங்கப் போறே. கடைக்காரர், 'தரேன், ஆனா எங்க காண்ட்ராக்டரை வெச்சு உன் வீட்டையே இடிச்சுக் கட்டணும்'ங்கிறாரு. வாங்குவியா?"

"கைப்பிடி நல்லதா இருந்தா வாங்குவேன் சார்."

"நீ வாங்குவே. வாடகை வீட்டுல இருக்கறவன்?"

ஹேமலதா நடுவில் புகுந்தாள். "சபா அண்ணே, சும்மா பேசாதீங்க லா. 'எனக்குக் கட்ட வரல'ன்னு வர்ற ஈமெயிலுக்கெல்லாம் பதில் போடறது யாரு? நான்தானே."

அவள் சொன்னதும் பொய் இல்லை. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை நானும் பார்த்தேன். சபாபதி, "உனக்குப் பிடிச்சதை முன்னால வை பிரபு. இதுல கட்டினா சுலபம்னு எழுதிப் போடு. நான் வேணாங்கல. ஆனா பின்வாசலை அடைக்காதே" என்றார். பல ஞாயிற்றுக்கிழமைகள் இதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் சபாபதி அசையவில்லை. "நாம குடுக்கறவங்க. வாங்கறவன் எப்படி வாழணும்னு சொல்றதுக்கு நாம யாரு?" என்பார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அவர்தான் மறந்தார்.

பொங்கல் வந்தது. தேக்காவில் வாங்கிய கரும்பை வாசலில் சாத்தி, பால் பொங்கி, எல்லாருக்கும் இலை போட்டிருந்தேன். பிரபு ஒரு தட்டோடு வந்தான். வெற்றிலை, பழம், வேட்டி, துண்டு. நேராக சபாபதியிடம் போனான்.

"சார், கொஞ்சம் எழுந்து நில்லுங்க. இன்னிக்குப் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறேன். உங்க ஆசீர்வாதம் வேணும்."

தட்டைக் கையில் கொடுத்துவிட்டு, கூடத்துத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சபாபதிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிள்ளை குட்டி இல்லாத மனிதர். அவர் காலில் அதுவரை யார் விழுந்தார்கள்? வாசுகி விபூதித் தட்டை எடுத்து வந்தாள். சபாபதி குனிந்து அவன் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பா. நீ ஆரம்பிக்கறது எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்" என்று சொல்லி, நெற்றியில் பூசிவிட்டார். கண் கலங்கியிருந்தது. பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாளோ, வீடு வாங்கியிருக்கிறானோ என்று நினைத்துக்கொண்டு, அவனுக்காக இன்னும் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் எடுத்துவர நான் அடுப்படிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் மேசையில் கணினி திறந்திருக்கிறது. அவன் ஆரம்பித்த புதுசு அதுதான். லைப்ரரியை முழுக்க மாற்றி எழுதிவிட்டான். பாதி நிரலை அந்த பில்ட் சிஸ்டமே கட்டும்போது உண்டாக்கும். அது இல்லாமல் இனி எவனும் கட்ட முடியாது. எல்லாரும் சரி என்றால் இன்றைக்கே வெளியிடலாம் என்றான்.

நசீர் கேட்டார்: "பழைய மெஷின் வெச்சிருக்கறவங்க?"

"பழைய வெர்ஷன் அப்படியே இருக்கும் பாய். யாரும் அழிக்கப் போறதில்ல."

நசீரின் தம்பி கையில் இருப்பது புதுத் தொலைபேசி. அவர் கை தூக்கினார். ஹேமலதா அதற்கு முன்பே தூக்கிவிட்டாள். வாசுகிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளும் தூக்கினாள். வாயில் என் பொங்கலை வைத்துக்கொண்டே தூக்கினார்கள்.

அப்போதுதான் இவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். 'வேண்டாம்' என்கிற பொத்தான், உடனே 'சபா' என்கிற பொத்தான். இரண்டையும் அடுத்தடுத்து வேகமாக அழுத்தினார். பெட்டியில் ஒரு கோளாறு உண்டு. அப்படி அழுத்தினால் பாதிச் சொல்லில் நின்றுவிடும். பின்னால் இருக்கிற விசையை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். சபாபதி எவ்வளவோ தேடியும் காரணம் பிடிபடவில்லை. அன்றைக்கும் நின்றது. 'வேண்' என்று சபாபதியின் குரல் வந்தது. அவ்வளவுதான்.

"அப்பா ஹேங் ஆயிட்டார்" என்று வாசுகி சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"பாருங்க, இந்த ஹேங் ஆகறதைத்தான் நான் கண்டுபிடிச்சுப் புதுசுல சரி பண்ணிட்டேன்" என்றான் பிரபு.

"அப்ப அதை இவர் பெட்டியில போட்டுக் குடு" என்றேன்.

"அந்த பழைய சிப்புக்கு இந்த பில்ட் சிஸ்டத்துல சப்போர்ட் இல்லம்மா. அங்கிளுக்கு ஒரு டேப்லெட் வாங்கிடுங்க, சூப்பரா ஓடும்."

முகத்தில் ஒரு கூச்சம் இல்லை. மருந்தைக் கண்டுபிடித்தவன், நோயாளி நுழைய முடியாத வாசலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சிரிக்கிறான். நான் வாயைத் திறந்தேன். "அம்மா, உனக்கு இதுல என்ன தெரியும், சும்மா இரும்மா" என்று வாசுகி அடக்கினாள். எல்லாரும் சபாபதியைப் பார்த்தார்கள். அவர் எழுதியது. அவர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. அவர் தன் விரலில் ஒட்டியிருந்த விபூதியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கினார்.

எல்லாரும் போனபிறகு நடைபாதையில் அவரை நிறுத்தினேன்.

"ஏன் சபா?"

"அவன் தலையில கைய வெச்சு, நடக்கட்டும்னு சொல்லிட்டேன் அண்ணி. சொன்ன வாய் மூடல, அதே வாயால வேணாம்னா, அது வாழ்த்தா?"

"பச்சைப் பிள்ளை மாதிரி பேசாதே. எதுக்குன்னு சொல்லாம வாங்கின வாழ்த்து அது."

"எதுக்குன்னு நான் கேக்கலியே. அவனும் சூது பண்ணல அண்ணி. அவங்க ஊர்ல எது ஆரம்பிச்சாலும் பெரியவங்க கால்ல விழுவாங்க."

"அவன் சூது பண்ணானோ இல்லையோ, உங்கண்ணன் வேணாம்னு சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

அந்த வேட்டியையும் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் வாசுகி ஒரு டேப்லெட் வாங்கி வந்தாள். இவர் வலது கை மடங்கியபடியே இருக்கும். இடது கையின் முட்டியால்தான் பொத்தானை இடித்து அழுத்துவார். வழுக்குகிற கண்ணாடியில் அது பதியுமா? ஒன்றைத் தொட்டால் இன்னொன்று பேசியது. தே கேட்டவருக்குக் கழிப்பறை என்றது. இவர் அழுதார். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சபாபதி வந்து பெட்டியை எடுத்துப் பார்த்தார். "பிரபு பண்ணின திருத்தத்தைக் கையாலயே பிரிச்செடுத்து, பழைய நிரலுக்குள்ள கொண்டுவந்து சேத்துடறேன் அண்ணி" என்றார். தினமும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார். பின்னிப் போட்டதைப் பிரிப்பது லேசில்லை. நடுவே வயிற்றில் கட்டி என்றார்கள், அறுவை என்றார்கள். உடம்பு வற்றிப்போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மடியில் கணினியோடுதான் இருந்தார். ஹேமலதாவைக் கேட்டால் தனக்கு அந்தப் பழைய சிப் தெரியாது என்றாள். பிரபு பழங்கூடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனான். "முடிச்சிடுவேன் அண்ணி" என்பதைத்தான் சபாபதி திரும்பத் திரும்பச் சொன்னார். முடிக்கவில்லை.

அடுக்குமாடிக்குக் கீழே, கூரை போட்ட வெற்றுத் தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தோம். மண்டாய் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வண்டி வரக் காத்திருந்தோம். இவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்த் தலைமாட்டில் நிறுத்தினேன். இவர் பெட்டியை மடியில் வைத்து, முட்டியால் 'சபா' என்பதை இடித்தார். முட்டி நழுவிப் பக்கத்துப் பொத்தானிலும் பட்டது. 'சப்' என்று சபாபதியின் குரலே சபாபதியைக் கூப்பிடத் தொடங்கிப் பாதியில் நின்றது. கூடியிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. இவர் அழுத்திக்கொண்டே இருந்தார். பெட்டி பேசவில்லை.

பிரபு சபாபதியின் காலடியில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தான்.

"உயிரோட இருந்தப்ப விழுந்தது போதாதா? இப்ப என்ன வேணும்னு விழறே?" என்றேன்.

"அம்மா, அப்படிப் பேசாதீங்க. சார்தானேம்மா சரின்னாரு?" என்றான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

அந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சபாபதியை அறிந்தவர்களே, லைப்ரரி எழுதுகிறவர்களே, உங்களுக்குப் பிடித்த கருவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு இது நல்லது என்று சொல்லுங்கள். அது இல்லாதவனுக்கு இது கிடையாது என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தப் பெட்டியை மடியில் வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது குரல்தான். காலையில் நான் அடுப்படியில் இருக்கும்போது, கூடத்திலிருந்து சபாபதி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தே வேணும் என்கிறார். போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சில நாள் 'பாக்' என்று நின்றுவிடுகிறது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பின்னால் இருக்கிற விசையை அணைத்துப் போடுகிறேன். மறுபடி கூப்பிடுகிறார்.

பிரபுவின் மேல் எனக்கு அருவருப்பு உண்டு. அதற்கு மேல் அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஹேமலதாவும் நசீரும் இன்னும் வருகிறார்கள், வடை சுட்டுத்தான் போடுகிறேன். வாசுகியை நான் பெற்றிருக்கிறேன். கை தூக்கிய இவர்கள் யாருக்கும் இவருடைய பேச்சு என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பலகை சுவரில் உடைந்ததைப் பார்த்தவர், தன் குரலையே எடுத்துக் கொடுத்தவர். அவரும் கை தூக்கினார். நான் மன்னிக்காத ஒரே ஆள் சபாபதி.